காற்றில் ஓடும் கிரீஸ் பம்ப்: புதிதாகக் கைவைப்பவர்களுக்கு

செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் சாலையில், மலை ஏறுவதற்கு முன்னால் எங்கள் லாரி சர்வீஸ் ஷெட் இருக்கிறது. தென்காசிப் பக்கத்து குவாரிகளில் ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிக்கொண்டு, எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு வழியாகக் கேரளாவுக்குள் போகும் டிப்பர்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. வண்டியைக் கழுவுவது பாதி வேலை, கிரீஸ் அடிப்பது மீதி வேலை.

வேலைக்குச் சேரும் பையன்கள் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பார்கள். "அண்ணாச்சி, டயருக்கு அடிக்கிற அதே காத்துதானே? அது எப்படி இவ்வளவு கெட்டி கிரீஸைத் தள்ளுது?" கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குப் பதில் தெரியாமல் கிரீஸ் கன்னைக் கையில் எடுத்தவன் ஒன்று வண்டியைக் கெடுப்பான், இல்லாவிட்டால் தன் விரலைக் கெடுத்துக்கொள்வான்.

நாலு மூட்டை சிமெண்ட்

முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். காற்று கிரீஸைத் தொடுவதே இல்லை. பேரலுக்குள் காற்று ஊதி கிரீஸை வெளியே தள்ளுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஊதினால் காற்று கிரீஸைத் துளைத்துக்கொண்டு குமிழியாக வெளியே வரும், கிரீஸ் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பம்பின் தலையில் ஒரு உருளை இருக்கிறதே, அது காற்று மோட்டார். மோட்டார் என்றதும் சுற்றுவது என்று நினைக்க வேண்டாம், இது மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன். அந்தப் பிஸ்டனின் தண்டு நீளமாகக் கீழே இறங்கி, பேரலுக்குள் நிற்கும் குழாயில் ஒரு சிறிய பிளஞ்சராக முடிகிறது. மேலே பெரியது, கீழே சிறியது. சூட்சுமம் அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே இருக்கும் பிஸ்டனின் விட்டம் 65 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு சுமார் 33 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ வீதம் காற்று தள்ளினால் மொத்தம் கிட்டத்தட்ட 200 கிலோ. அதாவது நாலு மூட்டை சிமெண்ட். அந்த நாலு மூட்டையும் கீழே 9 மில்லி விட்டமுள்ள, ஏறக்குறைய பென்சில் கனத்துப் பிளஞ்சரின் மேல் உட்காருகின்றன. அதன் பரப்பு 0.64 சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. 200-ஐ அதனால் வகுத்தால் கிரீஸின் மேல் சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் அழுத்தம் வருகிறது. இனி அழுத்தத்தை வெறும் கிலோ என்று சொன்னால் சதுர சென்டிமீட்டருக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பம்பின் தகட்டில் 50:1 என்று போட்டிருப்பது இதைத்தான். உள்ளே போகும் காற்றழுத்தத்தை 50-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. அழுத்தம் 50 மடங்கு கூடினால், தள்ளும் அளவு 50-ல் ஒன்றாகக் குறைகிறது. ஒரு லிட்டர் கிரீஸ் வெளியே வர 50 லிட்டர் அமுக்கிய காற்று வேண்டும். வெளிக்காற்றாகக் கணக்கிட்டால் 350 லிட்டர். கடப்பாரையால் கல்லைப் புரட்டும்போது கை ஒரு முழம் இறங்கக் கல் ஒரு விரற்கடை நகர்கிறதே, அதே கணக்கு.

பிஸ்டன் கீழே போய் முட்டியதும், தலைக்குள் இருக்கும் மாற்று வால்வு காற்றை மறுபக்கத்துக்குத் திருப்பிவிடும். பிஸ்டன் மேலே வரும், பழைய காற்று சைலன்சர் வழியாக வெளியேறும். டொக், டொக் என்று கேட்பது இதுதான். கரண்ட் தேவையில்லை, சுவிட்ச் கிடையாது.

இனி வருவது மிக முக்கியம். கன்னின் விசையை, அதாவது டிரிகரை, விட்டுவிட்டால் கிரீஸுக்குப் போக்கிடம் இல்லை. கீழேயிருந்து கிரீஸ் திருப்பித் தள்ளும் பலமும் மேலிருந்து காற்று தள்ளும் பலமும் சமமாகிவிடும். பம்ப் அப்படியே நின்றுவிடும். அணைந்துவிட்டது என்று அர்த்தமல்ல. நாலு மூட்டையும் பிளஞ்சர் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. விசையைத் தொட்டதும் மறுபடி ஓடும்.

கையால் லீவர் தள்ளி அடிக்கும் கன் வைத்திருந்த காலத்தில், பாயிண்ட், அதாவது வண்டியில் கிரீஸ் ஏற்றும் இடம், நிறைந்தால் உள்ளங்கைக்குத் தெரியும், லீவர் இறுகும். காற்றுப் பம்பில் கைக்கு ஒன்றுமே தெரியாது. விசை எப்போதும் ஒரே மாதிரி லேசாகத்தான் இருக்கும். அதனால் கை செய்த வேலையை இங்கே காது செய்ய வேண்டும். எங்கள் ஷெட்டில் கிரீஸ் அடிக்கும்போது ரேடியோவை அணைத்துவிடுவோம். பையன்களுக்கு இதில் வருத்தம்தான்.

பேரலுக்குள்

எண்ணெய் தானாகச் சரிந்து குழாய் வாய்க்கு வரும், கிரீஸ் வராது. குழாயின் அடியில் இருப்பதை உறிஞ்சியதும் அங்கே ஒரு பள்ளம் விழும், சுற்றியுள்ள கிரீஸ் கெட்டித் தயிர் மாதிரி வெட்டின இடத்தில் அப்படியே நிற்கும். பம்ப் வெறும் காற்றை உறிஞ்சி மடமடவென்று ஓடும். புதியவர்கள் கிரீஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் புதுப் பேரல் உடைப்பார்கள். பழைய பேரலைத் திறந்து பார்த்தால் கால்வாசி அப்படியே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதற்காகத்தான் ஃபாலோவர் பிளேட். விளிம்பில் ரப்பர் வைத்த வட்டத் தட்டு, கிரீஸின் மேல் உட்கார்ந்து, பம்ப் உறிஞ்ச உறிஞ்சக் கூடவே இறங்கும். வெளியிலிருக்கும் காற்றுமண்டல அழுத்தம் அதைக் கீழே அமுக்குகிறது. தட்டை வைக்கும்போது அடியில் காற்று சிக்கக் கூடாது. முதலில் கிரீஸின் மேற்பரப்பைக் கரண்டியால் சமப்படுத்துங்கள், நடுவில் லேசாகக் குமிழாக விடுங்கள். தட்டைக் கையால் அமுக்குங்கள். நடு ஓட்டை வழியாகக் கொஞ்சம் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பம்பின் குழாயை அந்த ஓட்டையில் இறக்க வேண்டும். பேரல் வாங்கும்போது நசுங்கல் இல்லாததாகப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு நசுங்கல் இருந்தால் தட்டு அங்கே மாட்டிக்கொண்டு தொங்கும். 18 கிலோ வாளி, 180 கிலோ பேரல் இரண்டுக்கும் தட்டும் குழாய் நீளமும் வேறு. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்கு ஆகாது.

எந்த கிரீஸ்? பம்புக்கு 2-ம் நம்பர் நல்லது. 25 டிகிரியில் ஒரு கூம்பை கிரீஸில் விட்டு, 5 வினாடியில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து கொடுக்கும் எண் அது. 2-ம் நம்பரில் 26.5 முதல் 29.5 மில்லி வரை இறங்கும், 3-ம் நம்பரில் 22 முதல் 25 மில்லிதான். கெட்டியாக இருந்தால் நல்லது என்று 3-ம் நம்பரை பம்பில் போட்டால், நீள ஹோஸில் பாதி அழுத்தம் வழியிலேயே செத்துவிடும். அப்புறம், நிறத்தைப் பார்த்து கிரீஸ் வாங்காதீர்கள். நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாம் கம்பெனி சேர்க்கும் சாயம். டப்பாவில் லித்தியம் என்று போட்டிருக்கிறதா, கால்சியமா, வேறு ஏதாவதா என்று படியுங்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு வகை சேர்ந்தால் தண்ணீராக இளகி வெளியே ஒழுகிவிடலாம்.

இந்த ஊர்க் காற்றில் தண்ணீர் அதிகம்

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். கம்ப்ரசருக்கு மட்டும் திண்டாட்டம். 25 டிகிரியில் ஈரம் நிறைந்து நிற்கும் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அதை ஏழில் ஒரு பங்காக அமுக்கி டேங்கில் ஆறவிட்டால், பெரும்பகுதி தண்ணீராகவே அடியில் தேங்கும். அது லைனில் போனால் மாற்று வால்வு துருப்பிடிக்கும், உள்ளே இருக்கும் கொஞ்ச எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடும். எங்கள் முதல் பம்ப் அப்படித்தான் ஒரே சாரலில் போனது. குறை சொல்ல வேறு யாரும் இல்லை, டேங்கின் அடியில் தண்ணீர் வடிக்கும் குழாயை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் திறந்தவன் நான்தான். இப்போது தினமும் காலையில் முதல் வேலை அதுதான். மழைக்காலத்தில் மதியமும் ஒரு தடவை.

காற்று லைனை இணைக்கும் வரிசை இது. கம்ப்ரசரிலிருந்து வரும் பைப், அடுத்து ஒரு பால் வால்வு, அதன் பிறகு தண்ணீரையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், காற்றில் எண்ணெய் கலக்கும் லூப்ரிகேட்டர் மூன்றும் சேர்ந்த செட், கடைசியில் பம்ப். பால் வால்வு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆத்திர அவசரத்துக்கு அதுதான் பிரேக். லூப்ரிகேட்டரில் நைசான நியூமேட்டிக் எண்ணெய் ஊற்றுங்கள், மிஞ்சிப்போன எஞ்சின் ஆயில் வேண்டாம். சில பம்புகள் எண்ணெய் இல்லாமலே ஓடும்படி செய்யப்பட்டவை, கூட வந்த தாளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கன்னுக்குப் போகும் ஹோஸ் எஃகு வலை பின்னிய ஹை பிரஷர் ஹோஸாக இருக்க வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் ரப்பர் ஹோஸை கிளாம்ப் போட்டு மாட்டியிருப்பதை ஒரு ஷெட்டில் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் நிற்கவே பயமாக இருந்தது.

முதல் ஓட்டம்

எல்லாம் மாட்டியாயிற்றா? சரி. ரெகுலேட்டரை முழுக்கத் தளர்த்திவிட்டு பால் வால்வைத் திறங்கள். கன்னின் நுனியில் இருக்கும் கப்ளரைக் கழற்றி, வாயை ஒரு காலி டப்பாவுக்குள் பிடித்து விசையை அமுக்குங்கள். இப்போது ரெகுலேட்டரை மெதுவாகத் திருகினால் 2 கிலோ அருகில் பம்ப் அசையத் தொடங்கும். முதலில் புஸ் புஸ் என்று காற்றும் கிரீஸும் கலந்து துப்பும். பொறுமையாக ஓடவிடுங்கள். குமிழி இல்லாமல் ஒரே கயிறாக கிரீஸ் வரும்போது, டொக் டொக் சத்தமும் நிதானமான ஒரே தாளத்துக்கு வந்துவிடும். விசையை விடுங்கள். பம்ப் நிற்க வேண்டும். பீடி பற்றவைக்கும் நேரம் காத்திருங்கள், பற்றவைக்க வேண்டாம். அந்த நேரத்துக்குள் தானாக ஒரு டொக் கேட்டால் எங்கோ கசிகிறது.

கப்ளரை மாட்டி, அழுத்தத்தை 5 அல்லது 6 கிலோவில் வையுங்கள். சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கில் 70 முதல் 85. டேங்கில் 10 கிலோ இருக்கிறதே என்று முழுவதையும் திறந்துவிடாதீர்கள். 50-ஆல் பெருக்கிப் பாருங்கள், 500 கிலோ. ஹோஸும் கன்னும் அதைத் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா?

இன்னொன்று, உங்கள் பம்பை நீங்களே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டப்பாவில் 20 டொக் அடித்து, பக்கத்து மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எங்கள் பம்பில் 80 கிராம் சொச்சம் வந்தது, ஆக ஒரு டொக்குக்கு 4 கிராம். இது தெரிந்துவிட்டால் எண்ணி அடிக்கலாம்.

வண்டிக்கு அடியில்

டிப்பர் குவாரியிலிருந்து வருகிறது. பாயிண்டில் கிரீஸ் ஏற்றும் சின்ன மூக்குதான் நிப்பிள், அதன் தலையில் கல்தூசி அப்பியிருக்கும். பனியன் வேஸ்ட்டால் துடைக்காமல் கப்ளரை மாட்டினால், அந்தத் தூசியை 300 கிலோ அழுத்தத்தில் நாமே பேரிங்குக்குள் ஊசி போடுகிறோம். துடைக்காமல் அடிப்பதைவிட அடிக்காமல் விடுவது மேல்.

கப்ளரை நேராக அமுக்கி மாட்டுங்கள். சரியாக மாட்டினால் டக்கென்று பிடிக்கும். விசையை அமுக்கி எண்ணுங்கள். வாரம் தவறாமல் வரும் வண்டியின் ஜாயின்ட் கிராஸுக்கு (சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் தண்டின் மூட்டில் இருக்கும் சிலுவை) இரண்டு மூன்று டொக் போதும். நாலு பக்க சீலிலும் புதிய கிரீஸ் எட்டிப் பார்த்தால் விட்டுவிடலாம். முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னில் மேலும் கீழும் பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறிப் புதியது தெரிய வேண்டும். ஒரு பக்கம் ஏறவில்லை என்றால் ஜாக்கி போட்டு எடையைத் தூக்கிவிட்டு ஒரு தடவை முயன்று பாருங்கள். ஸ்பிரிங் பட்டையின் ஷேக்கிள் பின், டிப்பர் பாடியின் பின்பக்கக் கீல், பாடியைத் தூக்கும் ஜாக்கியின் பின் இவையெல்லாம் கொஞ்சம் தாராளமாக வாங்கும். வெளியே வழிந்தாலும் நஷ்டமில்லை, தண்ணீரும் மண்ணும் புகாமல் தடுக்கும். வீல் பேரிங் கன்னால் அடிப்பதல்ல. அதைக் கழற்றிக் கையால்தான் நிரப்ப வேண்டும்.

பிரேக்கை விரிக்கும் கேம் ஷாஃப்டுக்கும், பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டருக்கும் வரும்போது கையைச் சுருக்குங்கள். புனலூர்க்காரர் ஒருவர், பல வருட வாடிக்கை, ஒவ்வொரு முறையும் சொல்வார். "கொறச்சுக்கூடி அடிக்கு சேட்டா." காசு கொடுக்கிறோம், கூடுதலாக அடித்தால் என்ன என்பது அவர் கணக்கு. கேம் ஷாஃப்டில் கூடுதலாகப் போகும் கிரீஸ் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் போகும், லைனிங்கில் ஏறும். ஆரியங்காவு தாண்டியதும் லோடோடு தென்மலைப் பக்கம் இறக்கம். அங்கே பிரேக் வழுக்கினால் என்ன ஆகும் என்று ஒரு நாள் அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். அன்றிலிருந்து கேம் ஷாஃப்ட் பக்கம் நான் போனால் அவரே எண்ண ஆரம்பித்துவிட்டார்.

சத்தம் நின்றால் இரண்டு அர்த்தம்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். பாயிண்ட் நிறைந்தாலும் பம்ப் நிற்கும், நிப்பிள் அடைத்திருந்தாலும் பம்ப் நிற்கும். இரண்டிலும் அதே அமைதி. வித்தியாசம் அதற்கு முன்னால் கேட்டதில் இருக்கிறது. இரண்டு மூன்று டொக் கேட்டு, அது மெதுவாகி, ஓரத்தில் கிரீஸ் தெரிந்து நின்றால் நிறைந்தது. விசையை அமுக்கியதும் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றால் அடைப்பு. அடைப்பு என்றால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். நிப்பிளைக் கழற்றி டீசலில் கழுவுங்கள், உள்ளே இருக்கும் குண்டு அமுங்கி எழுகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் புதிது போடுங்கள். நிப்பிளின் விலைக்கு ஒரு கிங்பின் செட்டை இழக்க வேண்டாம்.

சத்தம் நிற்கவே இல்லை என்றால் அதைவிட மோசம். கிரீஸ் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்துக்கு அல்ல. உடனே விசையை விடுங்கள். விட்ட பிறகும் ஓடினால் கோளாறு ஹோஸிலோ பம்பிலோ. மடமடவென்று ஓடி ஒன்றும் வராவிட்டால் பேரலில் பள்ளம் அல்லது தட்டு மாட்டிக்கொண்டது. ஒரு டொக்குக்கு வந்து அடுத்த டொக்குக்கு வராவிட்டால் கீழே உள்ள இரண்டு வால்வுகளில் ஒன்றில் தூசி. சைலன்சரில் விடாமல் உஸ் என்று கேட்டால் தலைக்குள் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போயிருக்கும். பேரலிலிருந்து வாளிகளுக்கு மாற்றுகிறோம் என்று நீண்ட நேரம் ஓடவிட்டால், மழைக்காலத்தில் சைலன்சரில் ஐஸ் படிந்து பம்ப் திணறும். விரியும் காற்று குளிர்வதால் வருவது அது. பத்து நிமிடம் நிறுத்தினால் தானாக உருகும்.

விரல்

கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஹோஸில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும், அதன் வழியாக வரும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போகும். 100 பவுண்டு அழுத்தமே தோலைத் துளைக்கப் போதும் என்பார்கள், நம் கன்னில் இருப்பது 4000 பவுண்டுக்கு மேல். எங்களிடம் முன்பு இருந்த ஒரு பையனுக்கு ஆள்காட்டி விரலில் எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரிந்தது. வலியும் இல்லை. வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டான், எங்களிடம் சொல்லக்கூட இல்லை. மறுநாள் விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. நுனியை எடுத்தார்கள்.

அப்படி ஏதாவது பட்டால் பிதுக்காதீர்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறுவை சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவமனைக்கு அந்த நிமிடமே போய், காயம் என்று பொதுவாகச் சொல்லாமல், "ஹை பிரஷரில் கிரீஸ் உள்ளே போயிருக்கிறது" என்று சொல்லுங்கள். கிரீஸ் டப்பாவின் பெயரையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். வெளியே தெரியும் புள்ளி சிறியது என்பதால் டாக்டரும் முதலில் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடும்.

கசிவு எங்கே என்று தெரிய வேண்டுமானால் ஒரு அட்டைத் துண்டை ஹோஸ் ஓரமாக நகர்த்திப் பாருங்கள், அட்டையில் தடம் விழும். கன்னை யார் பக்கமும் நீட்டாதீர்கள். விளையாட்டுக்கும் கூடாது.

ஷெட் சாத்தும்போது

பால் வால்வை மூடுங்கள். மூடினால் மட்டும் போதாது, ஹோஸுக்குள் அழுத்தம் அப்படியே இருக்கும். கன்னை டப்பாவுக்குள் பிடித்து, கிரீஸ் வருவது நிற்கும்வரை விசையை அமுக்கிப் பிடியுங்கள். ரெகுலேட்டர் கேஜும் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டதா என்று பாருங்கள். ஸ்பேனர் எடுக்கும் எந்த வேலைக்கும் முன்னால் இதே வரிசைதான், நடுப்பகலாக இருந்தாலும். அப்புறம் கப்ளரைத் துடைத்து, ஹோஸைச் சுருட்டி ஆணியில் மாட்டுங்கள், தரையில் விட்டால் ராத்திரி வரும் வண்டி ஏறி நசுக்கிவிடும். பேரல் மூடியை அழுத்தி மூடி, மேலே ஒரு பாலித்தீன் ஷீட். கடைசியாக கம்ப்ரசர் டேங்கின் அடிக் குழாயைத் திறந்துவிட்டால், பகல் முழுக்கக் குடித்த சாரல் பழுப்பு நிறத்தில் கொட்டும். அது நின்று வெறும் காற்று வரும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு, குழாயை மூடிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பலாம்.